சாமான் ஏற்றும் பைக்குக்குப் பின் சொக்கை அளந்து செட் பண்ணுவது எப்படி

என் மச்சான் ஒருத்தன் மீன் வியாபாரம் செய்கிறான். விடிய நாலு மணிக்கு மட்டக்களப்புக் கல்லடியில் மீன் எடுத்து, ஆரையம்பதி வந்து, மண்முனைப் பாலம் ஏறி, வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை ஊர்களுக்குள் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறவன். 150 சீசீ பைக், பின்னால் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) பெட்டி, பெட்டிக்குள் ஐஸும் மீனுமாக 45 கிலோ. போன மாரியில் கொக்கட்டிச்சோலை தாண்டி ஒரு கிறவல் (சரளை) றோட்டு வளைவில் முன் சில்லு வழுக்கி விழுந்துவிட்டான். முழங்கால் உரசல், பாதி மீன் சேற்றுக்குள், வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கராஜில் கொண்டுபோய்க் காட்டினோம். அங்கிருந்தவர் பைக்கில் ஏறிக்கூடப் பார்க்காமல் பின் சொக் (அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் தண்டு) இரண்டையும், ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தின் கடைசிப் படிக்கு இறுக்கிவிட்டு, இனி ஒண்டும் நடக்காது தம்பி என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் மச்சான் சொன்னது இதுதான். பெட்டி வெறுமையாகத் திரும்பி வரும்போது பைக் தவளை மாதிரித் துள்ளுகிறது, பெட்டி நிறையப் போகும்போது முன் ஹேண்டில் பழையபடி காற்றில் பிடித்த மாதிரித்தான் இருக்கிறது. அதாவது காசு கொடுத்து இரண்டு பக்கத்தாலும் நட்டம். அதற்குப் பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நாங்களே உட்கார்ந்து செய்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். மீன்காரருக்கு மட்டும் இல்லை, தயிர் முட்டி கட்டிக்கொண்டு ஓடுகிறவர், வட்டைக்கு (வயலுக்கு) உரப்பை ஏற்றுகிறவர், குடும்பத்தோடு தாந்தாமலைக்குப் போகிறவர் எல்லோருக்கும் இதே வேலைதான். 2020ல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025ல் திரும்பத் திறக்கும்வரைக்கும் எங்கட பக்கம் ஓடியதெல்லாம் பழைய பைக், அந்தப் பைக்குகளில் பலவற்றில் சொக்கை யாரும் கையால் தொட்டதுகூட இல்லை.

பாரம் எங்கே போகிறது

லேண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் நெல் மூட்டை ஏற்றியவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. அச்சுக்குப் பின்னால் மட்டும் மூட்டையை அடுக்கினால் முன்பக்கம் மேலே தூக்கும். பைக்கிலும் அதேதான், கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கணக்கு லேசானது. மச்சானின் பைக்கில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 130 சென்ரிமீற்றர். மீன் பெட்டியின் நடு, பின் அச்சிலிருந்து 26 சென்ரிமீற்றர் பின்னால் இருந்தது. 45ஐ 26ஆல் பெருக்கி 130ஆல் பிரித்தால் 9 வரும். அந்த 9 கிலோவைப் பெட்டி முன் சில்லிலிருந்து தூக்கி எடுத்துவிடுகிறது. பின் சில்லில் ஏறுவது 45 இல்லை, 54. பெட்டி பைக்கின் மேல் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம், ஆனால் அது பைக்கைப் பின்னால் இருந்து நெம்பிக்கொண்டு இருக்கிறது.

இது பைக் சும்மா நிற்கும்போது. ஓடும்போது இன்னும் கூடும். பைக், ஆள், பெட்டி எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வையுங்கள், மொத்தப் பாரத்தின் நடு நிலத்திலிருந்து 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 7 செக்கனில் 50 கிலோமீற்றர் வேகத்துக்குப் போனால் கிட்டத்தட்ட 25 கிலோ முன்னிலிருந்து பின்னுக்கு மாறும். அதே வேகத்திலிருந்து 3 செக்கனில் பிரேக் பிடித்து நிறுத்தினால் 60 கிலோ அளவு பின்னிலிருந்து முன்னுக்கு வரும். வளைவுக்குள் நுழைந்து அக்சிலேற்றரைத் திருகும் அந்த நேரத்தில் முன் சில்லு ஏற்கெனவே 9 கிலோவை இழந்து நிற்கிறது, அதற்கு மேல் இன்னும் 25 போகிறது, கீழே உருளும் கிறவல். மச்சான் விழுந்தது அப்படித்தான்.

இந்தக் கணக்கைத் திரும்ப ஒருமுறை பாருங்கள், அதற்குள் ஸ்பிரிங் என்ற சொல்லே வரவில்லை. எவ்வளவு பாரம் மாறும் என்பதைத் தீர்மானிப்பது எடை, அதன் உயரம், அது இருக்கும் இடம், சில்லுகளுக்கு இடையிலான தூரம், நீங்கள் எவ்வளவு வேகமாக முறுக்குகிறீர்கள் அல்லது பிரேக் பிடிக்கிறீர்கள் என்பவைதான். சொக்கை இறுக்கினால் முன்னுக்குப் பாரம் வந்துவிடும் என்று அந்தக் கராஜ்காரர் நினைத்ததில்தான் பிழை. சொக் செய்வது வேறு வேலை: அந்தப் பாரம் வந்து இறங்கும்போது பின்பக்கம் எவ்வளவு தாழும், எவ்வளவு சீக்கிரம் தாழும் என்பதைப் பிடித்து வைக்கும். பின்பக்கம் அளவுக்கு மேல் தாழ்ந்தால் முன் சில்லைப் பிடித்திருக்கும் ஃபோக் சரிந்து படுத்துவிடும், ஹேண்டில் மந்தமாகும், வளைவில் நினைத்த இடத்தில் திரும்பாமல் அகலமாகப் போகும், பள்ளத்தில் சொக் அடியில் போய் முட்டும், லைட் எதிரில் வருகிறவர் கண்ணுக்குள் அடிக்கும்.

இன்னொரு பிழையான நம்பிக்கையும் இருக்கிறது. படியைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது. ஆகாது. மீன்காரரின் ஸ்பிரிங் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தராசிலேயே முள் 2 கிலோவில் நிற்கும்படி ஒருத்தர் திருகி வைத்திருக்கிறார் என்றாலும் (அப்படியும் ஆட்கள் உண்டு), அதற்கு மேல் ஒரு கிலோ வைத்தால் முள் நகரும் தூரம் பழைய தூரம்தான். ஸ்பிரிங் அதே ஸ்பிரிங், தொடங்கும் இடம்தான் மாறியது. பைக்கிலும் படியைக் கூட்டினால் பின்பக்கம் உயர்ந்து நிற்கும். பாரம் ஏற்றித் தாழ்ந்த உயரத்தைத் திரும்ப எடுப்பதற்குத்தான் அந்தப் படி.

தொடங்க முன் சொக் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் வீண். பைக்கை நிமிர்த்திப் பிடித்து, சீற்றின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பலமாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி அமைதியாக நின்றால் நல்லது. இரண்டு மூன்று தரம் ஆடி ஆடி நின்றால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. சொக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டி இருந்தாலும் அதே முடிவுதான். எண்ணெய் செத்த சொக்கில் படியைக் கூட்டினால் துள்ளல்தான் கூடும். மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சோடியாக மாற்றுங்கள், ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசு என்றால் பைக் கோணலாக ஓடும்.

சொக்கின் மேல் கீழ் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா, பின் சில்லைத் தாங்கும் கையான ஸ்விங் ஆம் பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும் பாருங்கள். பின் சில்லைப் பிடித்து இடம் வலமாக ஆட்டினால் தெரியும்.

டயர் காற்று. இதைக் காலையில் வெயில் ஏற முன், ஓட முன் அளக்க வேண்டும், பெற்றோல் செட்டுக்கு 5 கிலோமீற்றர் ஓடிப் போய் அளந்தால் டயர் சூடாகிக் கூடக் காட்டும். 100 முதல் 150 சீசீ பைக்குகளில் பொதுவாகத் தனியே ஓடப் பின் டயருக்கு 28 பீஎஸ்ஐ அளவும், இரண்டு பேருக்கு அல்லது பாரத்துக்கு 32, 33 அளவும் வரும். உங்கள் பைக்கின் சரியான எண் செயின் கவரிலோ ஸ்விங் ஆமிலோ ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும், இல்லாவிட்டால் கையேட்டில். மச்சானின் பின் டயரில் 22 இருந்தது. 22ல் வைத்து ஓடிக்கொண்டு சொக்கைக் குறை சொன்னால் சொக் பாவம்.

அளக்கும் வேலை

மில்லிமீற்றர் போட்ட அளவு நாடா, ஒட்டுகிற பிளாஸ்டர், பேனை, ஒரு கொப்பித் தாள், உதவிக்கு இரண்டு பேர். தரை சமமாக இருக்க வேண்டும், முற்றத்து மணலில் செய்யாதீர்கள், ஸ்டாண்ட் புதையும்.

முதலில் பைக்கை டபல் ஸ்டாண்டில் போடுங்கள், பின் சில்லு நிலத்தைத் தொடாமல் தொங்க வேண்டும். பின் அச்சு நட்டின் நடுவிலிருந்து நேர் மேலே, சீற்றுக்குக் கீழே பைக்கின் உடம்பில் ஒரு இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிப் பேனையால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கும் நட்டின் நடுவுக்கும் இடையில் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். இதுதான் முதல் அளவு, சொக் முழுதாக நீண்டிருக்கும் நேரத்து அளவு. இனி எல்லா அளவும் இதே இரண்டு புள்ளிக்கு இடையில்தான்.

பிறகு ஸ்டாண்டை எடுத்து, ஒருவர் முன்னால் ஹேண்டிலைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருக்க, வெறும் பைக்காக அளக்க வேண்டும். சொக்குக்குள் உரசல் இருப்பதால் அது எப்போதும் ஒரே இடத்தில் நிற்காது, அதனால் இரண்டு தரம் எடுங்கள்: ஒருமுறை பின்பக்கத்தை மெதுவாக அழுத்தித் தானாக எழும்பி நிற்க விட்டு, மறுமுறை மெதுவாகத் தூக்கித் தானாக இறங்கி நிற்க விட்டு. இரண்டின் நடு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஓட்டுகிறவர் தலைக்கவசத்தோடு, வழக்கமாக உட்காரும் இடத்தில், கால் இரண்டும் ஃபுட் ரெஸ்ட்டில் இருக்க. நாலாவது, ஆளும் வழக்கமான பாரமும். மீன் பெட்டி என்றால் ஐஸும் மீனும் நிறைந்த பெட்டி. மீன் இல்லாத நேரம் என்றால் அதே எடைக்குத் தண்ணீர்க் கேன் வைக்கலாம், ஒரு லீற்றர் ஒரு கிலோ.

மச்சானின் பைக்கில், படி 2ல் இருக்கும்போது எங்களுக்கு வந்தது: தொங்கும்போது 520 மில்லிமீற்றர், வெறும் பைக் 509, அவன் ஏறியதும் 487, பெட்டியும் ஏறியதும் 458. முதல் அளவிலிருந்து கழித்தால் தாழ்வு முறையே 11, 33, 62.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? இந்த மாதிரிப் பைக்குகளின் பின் சில்லு மொத்தமாக மேலும் கீழும் போகக்கூடிய தூரம் 100, 110 மில்லிமீற்றர் அளவு. ஓட்டுகிறவர் ஏறியதும் அதில் மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்திருக்க வேண்டும், 30 முதல் 35 என்று வைத்துக்கொள்ளலாம். ஏன் தாழவே கூடாது என்று கேட்காதீர்கள், சில்லு பள்ளத்துக்குள் இறங்க அந்தத் தாழ்வு வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்துக்கு மேலே சில்லு அந்தரத்தில் பறக்கும், பிறகு தொம் என்று விழும். வெறும் பைக்குக்கு 5 முதல் 15 போதும். பாரத்தோடு 45, 50 வரை பொறுக்கலாம். மச்சானுக்கு 62, அதாவது பாதிக்கு மேலே ஏற்கெனவே போய்விட்டது, மிச்சம் இருக்கிற 40 சொச்சத்தில்தான் படுவான்கரைப் பள்ளமெல்லாம் தாங்க வேண்டும். பின் மட்காட்டின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தோம், டயர் உரசி ஒரு இடம் பளபளவென்று இருந்தது.

இன்னொன்றையும் இதே எண்களில் கண்டுபிடிக்கலாம். ஆள் ஏறியதும் 33 சரியாக வருகிறது, ஆனால் வெறும் பைக் துளிகூடத் தாழவில்லை என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிசு, இறுக்கி இறுக்கி அந்த உயரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். மாறாக வெறும் பைக்கே 25 தாழ்ந்து, ஆள் ஏறியதும் கொஞ்சம்தான் கூடுகிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மிஞ்சிய கடினம். இரண்டுக்கும் படியால் மருந்து இல்லை.

சொக்கைத் தொட முன் பெட்டியைத் தள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கரியரின் கடைசிக் கம்பியில் கட்டியிருந்த பெட்டியை அவிழ்த்து, பெட்டியின் முன் சுவர் ஓட்டுகிறவரின் முதுகுக்கு ஒரு கையகலம் பின்னால் வரும்படி, சீற்றின் மேலேயே முன்னுக்கு 20 சென்ரிமீற்றர் தள்ளிக் கட்டினோம். பின் அச்சிலிருந்து 26 என்றிருந்தது 6 ஆனது. முன் சில்லு இழக்கும் பாரம் 9 கிலோவிலிருந்து 2 கிலோவுக்குக் குறைந்தது. வெல்டிங் கடையில் கரியரின் தாங்கியை மாற்ற ஆன செலவு மட்டும்தான். மச்சான் முதலில் சண்டை பிடித்தான், ஆள் பின்னால் ஏற இடம் இல்லையாம். மீனோடு ஆளையும் ஏற்றுவதுதான் உன் திட்டமா என்று கேட்டதும் பேசாமல் இருந்துவிட்டான்.

உயரமும் முக்கியம். பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கினால் பாரத்தின் நடு மேலே போகும், முறுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் மாறும் பாரம் அதே வீதத்தில் கூடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்லடிப் பாலத்துக்கு மேலே உயரப் பெட்டியோடு போனால் காற்று பிடித்துத் தள்ளுவதை வேறு தாங்க வேண்டும். கனமானது கீழே, முன்னுக்கு. தயிர் முட்டி கட்டுகிறவர்கள் இரண்டு பக்கமும் தொங்கவிடும் பலகைத் தட்டில் கட்டுவது இந்தக் கணக்கில் நல்ல முறை, பாரம் அச்சின் உயரத்துக்கே இறங்கிவிடும், இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். விற்று முடிய முடிய ஒரு பக்கத்தையே காலி பண்ணாமல் மாறி மாறி எடுங்கள்.

மீன் பெட்டிக்கு ஒரு தனிச் சொல்: உருகிய ஐஸ் தண்ணீரை வழியில் இடையிடையே திறந்து விடுங்கள். பெட்டிக்குள் 10 லீற்றர் தண்ணீர் அலையடித்தால் பிரேக் பிடித்து முடிந்த பிறகும் ஒரு தள்ளு வரும். குருமண்வெளியில் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏற்றி மண்டூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு, பாதையின் சரிவுப் பலகையில் இறங்கும்போது அந்தத் தள்ளு எப்படி இருக்கும் என்று தெரியும்.

மொத்த எடைக்கும் எல்லை இருக்கிறது. இந்த அளவுப் பைக்குகள் பலவற்றின் கையேட்டில் ஓட்டுகிறவரையும் சேர்த்து 130 முதல் 150 கிலோ வரைதான் போட்டிருப்பார்கள். 65 கிலோ ஆளும் 65 கிலோ நெல் மூட்டையும் ஏறினால் அங்கேயே முடிந்தது. அதற்கு மேல் ஏற்றிவிட்டு எந்தப் படியில் வைப்பது என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

இனிப் படியைத் திருப்பலாம்

இரண்டு சொக் உள்ள பைக்குகளில் ஸ்பிரிங்கின் அடியில் ஏணிப் படி மாதிரி வெட்டிய வளையம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 5 படி. திருப்பப் பைக்கோடு வரும் கொக்கி ஸ்பெனர் போதும். கொக்கி ஸ்பெனர் இல்லை என்று ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டாதீர்கள், வளையத்தின் காது உடைந்தால் சொக்கையே மாற்ற வேண்டி வரும், ஸ்பெனரின் விலை அதில் ஒரு துளி.

எங்கட பக்கம் கடற்காற்று, உப்பு, மணல். வருடக்கணக்காகத் திருப்பாத வளையம் இறுகிப் பிடித்திருக்கும். பழைய பல் பிரஷால் மணலைத் தட்டி, மண்ணெண்ணெய் தடவி அரை மணித்தியாலம் ஊற விடுங்கள். மண்ணெண்ணெய் டயரிலோ பிரேக்கிலோ சிந்த விடாமல் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு பைக்கை டபல் ஸ்டாண்டில் போட்டு, சில்லு தொங்கும் நிலையில் திருப்புங்கள், பாரம் இல்லாததால் லேசாக வரும். எந்தப் பக்கம் திருப்பினால் ஸ்பிரிங் சுருங்குகிறதோ அதுதான் கூட்டும் பக்கம். விரலை வளையத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் வைக்காதீர்கள், படி தாவும்போது நசியும்.

இடமும் வலமும் ஒரே படியில் இருக்க வேண்டும். ஒரு படி திருப்பியதும் திரும்ப அளங்கள். மச்சானின் பைக்கில், முன்னுக்குத் தள்ளிய பெட்டியோடு, படி 2ல் 58 தாழ்ந்தது, படி 4ல் 49 ஆனது. 5ல் வைத்தால் 45 வந்தது, ஆனால் தனியே ஓடும்போது 20தான் தாழ்ந்து கல் றோட்டில் துள்ளியது. அவன் ஒரு நாளில் பாதித் தூரம் வெறும் பெட்டியோடு திரும்புகிறவன், அதனால் 4ல் விட்டோம். நீங்கள் போக வர ஒரே பாரத்தோடு ஓடுகிறவர் என்றால் 5கூடச் சரியாக இருக்கலாம். வாரத்தில் ஒரு நாள்தான் பாரம் ஏற்றுகிறவர் என்றால் அன்றைக்குக் கூட்டி, மறுநாள் குறைத்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

நடுவில் ஒற்றைச் சொக் உள்ள பைக்குகளிலும் முறை இதுதான், யமஹா எஃப்ஸீ மாதிரியில் 7 படி இருக்கும், இடம் ஒடுக்கம் என்பதால் ஸ்பெனருக்கு நீட்டுக் குழாய் வேண்டும். ஸ்கூட்டர்களில் சிலவற்றுக்கு 3 படி, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் ஸ்கூட்டரில் கால் வைக்கும் தட்டில் அரிசிப் பையை வைக்கலாம் என்ற பெரிய வசதி இருக்கிறது, பாரம் கீழேயும் முன்னுக்கும் ஒரேயடியாக வந்துவிடும், ஹேண்டில் திரும்ப இடம் விட்டு வையுங்கள்.

செய்யக்கூடாதவை சில. ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவில் பழைய டியூப் ரப்பரைத் திணிப்பது எங்கட ஊரில் பிரபலம். ரப்பர் வைத்த சுருள்கள் அசையாமல், மிச்சச் சுருள்கள் எல்லா வேலையையும் செய்து, ரப்பர் உரசிய இடத்தில் பெயின்ட் போய்த் துருப்பிடித்து ஒரு நாள் அங்கேயே முறியும். சொக்கை உயர்த்த அடியில் இரும்புத் துண்டு வைத்து நீட்டுவதும் வேண்டாம், ஸ்விங் ஆமின் கோணமும் செயினின் ஓட்டமும் மாறிவிடும், சைட் ஸ்டாண்ட் போட்டால் பைக் அளவுக்கு மேல் சாய்ந்து நிற்கும். பக்கத்தில் சிறு சிலிண்டர் உள்ள சொக்குகளுக்குள் நைட்ரஜன் வாயு அழுத்தத்தோடு இருக்கும், பல்சரில் வருவது அந்த வகைதான். அதைத் துளைப்பதோ சூடாக்குவதோ வெல்டிங்கைக் கிட்டக் கொண்டுபோவதோ உயிரோடு விளையாடுவது.

செயினும் லைட்டும்

பின்பக்கத்தின் உயரம் மாறினால் இந்த இரண்டையும் பார்க்காமல் விடக்கூடாது. பாரம் ஏறி ஸ்விங் ஆம் நேராகி வரும்போது செயின் இறுகும். முன் ஸ்ப்ரொக்கெட், ஸ்விங் ஆம் ஆணி, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் நேரத்தில்தான் அது மிக இறுக்கம். டபல் ஸ்டாண்டில் வைத்து அழகாக இறுக்கிய செயின், 45 கிலோ ஏறியதும் வீணைக் கம்பி மாதிரி ஆகி பெயரிங்கைத் தின்னும். அதனால் கையேட்டில் சொன்ன அளவு தளர்வை (பொதுவாக 20 முதல் 30 மில்லிமீற்றர்) வைத்த பிறகு, பாரத்தோடு ஒருவரை உட்காரவைத்து, அப்போதும் கீழ்ச் செயின் விரலால் அழுத்தினால் கொஞ்சமாவது அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் தளர்த்த வேண்டும்.

லைட்டுக்கு இரவில் ஒரு சுவர் போதும். சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி, ஆளும் பாரமும் ஏறிய பைக்கை நிறுத்தி லோ பீமைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு லைட்டின் நடு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏறினால் திருகாணியைத் திருப்பி இறக்குங்கள். விடிய முன் ஓடுகிறவர்களுக்கு இது சும்மா அலங்காரம் இல்லை. றோட்டில் படுத்திருக்கும் மாட்டின் முதுகு லோ பீம் உயரத்தில்தான் இருக்கிறது, உன்னிச்சைப் பக்கம் என்றால் யானையும் வரும். வெளிச்சம் தென்னை ஓலைக்கு அடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் தெரியாது.

ஓடிப் பார்ப்பது

ஒரே நேரத்தில் இரண்டு விசயத்தை மாற்றாதீர்கள். பெட்டியைத் தள்ளினால் ஓடிப் பாருங்கள், பிறகு படியை மாற்றி ஓடிப் பாருங்கள். தினமும் போகும் றோட்டில் ஒரு கிலோமீற்றர் துண்டைத் தெரிவு செய்யுங்கள், அதில் ஒரு பள்ளம், ஒரு மெதுவான வளைவு, பிரேக் பிடித்து நிறுத்த ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நேர் இடம் இருந்தால் போதும். நாங்கள் காலை வெயிலுக்கு முன் ஆரையம்பதிக்கும் பாலத்துக்கும் இடையில் ஓடினோம்.

பள்ளத்தில் தொம் என்ற சத்தமும் இடுப்பில் அடியும் வந்தால் சொக் அடியில் முட்டுகிறது, ஒரு படி கூட்டலாம் அல்லது பாரத்தைக் குறைக்கலாம். சின்னக் கல்லுக்கெல்லாம் பின்பக்கம் எகிறினால் படி கூடிப்போய்விட்டது. வளைவில் ஹேண்டில் அகலமாக இழுத்துக்கொண்டு போனால் பின்பக்கம் இன்னும் தாழ்வு, அல்லது பாரம் இன்னும் பின்னால் இருக்கிறது. வேகம் எடுக்கும்போது ஹேண்டில் கையில் உதறினாலும் முதலில் பார்க்க வேண்டியது பாரம் இருக்கும் இடம், பிறகு டயர் காற்று, பிறகு முன் பெயரிங். பிரேக் பிடிக்கும்போது முன் ஃபோக் ஒரேயடியாகக் குனிந்தால் அதைப் பின் சொக்கில் தேடாதீர்கள், ஃபோக் எண்ணெய் மாற்றி எத்தனை வருடம் என்று யோசியுங்கள்.

பாரத்தோடு ஓடும்போது வளைவுக்கு முன்னே நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் அக்சிலேற்றரை ஒரே அளவில் பிடித்து, பைக் நிமிர்ந்த பிறகே முறுக்குங்கள். அப்படிச் செய்தால், நான் மேலே சொன்ன 25 கிலோ முன் சில்லுக்கு அது தேவைப்படாத நேரத்தில்தான் அதை விட்டுப் போகும்.

புது ஸ்பிரிங்கோ புதுச் சொக்கோ போட்டிருந்தால் 500 கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப ஒருமுறை அளங்கள், கொஞ்சம் படிந்து இறங்கியிருக்கும். மற்றவர்கள் மாரி தொடங்க முன் ஐப்பசியில் ஒருமுறை, மழை விட்டுக் கிறவல் றோட்டெல்லாம் குழி விழுந்த பிறகு தையில் ஒருமுறை பார்த்தால் போதும்.

மச்சான் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் மார்க்கர் பேனையால் எழுதி வைத்திருக்கிறான்: படி 4, பின் காற்று 32, பெட்டி கோட்டோடு. கோடு என்பது சீற்றில் அவன் சிவப்புப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும் இடம், பெட்டியின் பின் விளிம்பு அதைத் தாண்டினால் அவனுடைய மனுசியே அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொல்கிறாளாம்.